மாமாவின் 'எம்ஜி'யை விற்ற கதை

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். மாமா கைப்பேசியில் அழைத்தார். வழக்கமாக "சாப்டியாமா?" என்றுதான் தொடங்குவார். அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். விளம்பரம் போடறதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நீயே பாத்து முடிச்சுக் குடு."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மாமா 'வண்டி' என்று சொன்னால் அது அவருடைய மைவியைக் குறிக்காது. கிள்ளானில் அவர் வீட்டு முன்கூரைக்குக் கீழே, துணி போர்த்தி நிற்கும் பச்சை நிற 'எம்ஜி'யைத்தான் குறிக்கும். எங்கள் குடும்பத்தில் ஏழு கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையை ஏற்றி வந்தது அந்தக் கார்தான். என் தம்பி பொண்ணு பார்க்கப் போனபோதும் அதில்தான் போவேன் என்று அடம் பிடித்தான்.

காரணம் கேட்டேன். அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தனியார் மருத்துவமனையில் இரண்டையும் மாற்ற ஒரு தொகை சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு வயது 74. அவருக்கும் கிளட்ச் மிதிக்க இப்போதெல்லாம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. "ஓட்டாத வண்டி ஒரு பக்கம், நடக்க முடியாத மனுஷி ஒரு பக்கம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

துரை வீட்டுக் கார்

மாமா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டினார். தோட்டத்துத் துரையிடம் ஒரு எம்ஜி டிடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவித் துடைத்தால் பத்து காசு கிடைக்கும். அப்போது மாமாவுக்கு ஒன்பது வயது. பத்து காசை வீட்டில் கொடுத்துவிடுவாராம். துடைக்கும்போது ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுதான் அவருடைய சொந்தச் சம்பளம்.

எம்ஜி என்பது 'மோரிஸ் காரேஜஸ்' என்ற பெயரின் சுருக்கம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டு நகரில் தொடங்கிய நிறுவனம். அதன் டிடி ரகம் 1949 இறுதியிலிருந்து 1953 வரை வெளிவந்தது. மொத்தம் ஏறத்தாழ 30,000 கார்கள். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. எஞ்சின் 1,250 சிசி, 54 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள்கூட அதைவிட வேகமாகப் போகும். ஆனாலும் நீண்ட முன்மூக்கு, தனித்து நிற்கும் இரண்டு முகவிளக்குகள், வளைந்து இறங்கும் மட்கார்டுகள், இரண்டே பேர் அமரும் திறந்த இருக்கை என்ற அந்த அமைப்பைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

மாமா வளர்ந்து மெக்கானிக் ஆனார். சொந்தப் பட்டறை வைத்தார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 58 வயதில் ஒருநாள் அந்தக் காரோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார்.

அது துரை வைத்திருந்த கார் அல்ல, அதன் நகல். 'டிடி2000' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தத் தயாரிப்பு, 1990களின் இறுதியில் நம் மலேசியாவுக்கு வந்து இங்கேயே கட்டப்பட்டது. உருவம் எம்ஜி டிடியினுடையது. உள்ளே இருப்பது டொயோட்டாவின் 2.0 லிட்டர் எஞ்சின். மாமா வாங்கியது ஒருவர் வைத்திருந்த பழைய வண்டி. அதன் முன்பக்கத்தில் யாரோ எம்ஜியின் எண்கோணச் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். மாமா அதை எடுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நாங்களும் 'எம்ஜி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

நகலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

நகல் கார் என்றதும் திருட்டு சிடி போல நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் இது ஒரு தனித் தொழில். ஏசி கோப்ரா என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் 1960களில் ஆயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டது. இன்று சாலையில் ஓடும் கோப்ராக்களில் மிகப் பெரும்பாலானவை நகல்களே. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல்களைப் பலர் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தில் கட்டினார்கள். நம் கோலாலம்பூரிலேயே கெப்போங்கில் புஃபோரி கார்கள் கையால் கட்டப்படுகின்றன. 1986இல் ஆஸ்திரேலியாவில் மூன்று சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. எந்த ஒரு காரின் நகலும் அல்ல. ஆனால் பழைய கால அழகைப் புது எஞ்சினோடு சேர்க்கும் அதே ஆசைதான்.

அசல் கம்பெனிகளுக்கு இது எப்போதும் பிடிப்பதில்லை. 1984இல் தொடங்கிய 'மயாமி வைஸ்' தொலைக்காட்சித் தொடரில் நாயகன் ஓட்டிய கறுப்பு ஃபெராரி டேடோனாவை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அது ஃபெராரியே இல்லை. கொர்வெட் காரின் மேல் கட்டிய நகல். ஃபெராரி நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு உண்மையான டெஸ்டாரோசா கார்கள் அந்தத் தொடருக்கு வந்தன. இத்தாலியின் பொலோனியா நகர நீதிமன்றம் 2019இல் ஃபெராரி 250 ஜிடிஓ காரை ஒரு கலைப்படைப்பாகவே கருதி, அதன் வடிவத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த ரகக் கார் ஒன்று ஏலத்தில் 48 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் விலை போயிருந்தது.

இந்த விலை வித்தியாசத்தில்தான் சிக்கலே இருக்கிறது. நகல் காரைச் செய்வதும் ஓட்டுவதும் ஒன்று. அதை அசல் என்று நம்பும் ஒருவரிடம் விற்பது வேறொன்று. அந்த வேறுபாட்டை எனக்கு எந்தப் புத்தகமும் கற்றுத்தரவில்லை.

நான் எழுதிய விளம்பரம்

நான் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் கணக்கில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட நான் எழுதிய விளம்பரம் இது: 'கிளாசிக் எம்ஜி டிடி ஸ்போர்ட்ஸ் கார். 1950களின் அழகு. ஒரே குடும்பத்தில் 16 ஆண்டுகள். மெக்கானிக்கின் சொந்த வண்டி.'

இதில் 'ரெப்லிக்கா' என்ற சொல் இல்லை. மறந்து விடவில்லை. எழுதினேன், பிறகு அழித்தேன். அந்தச் சொல் இருந்தால் தேடுபவர்கள் கண்ணில் விலை இறங்கிவிடும் என்று தோன்றியது. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அழைப்புகள் வந்தன. ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். ஒருவர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார். தனியார் பதிவில் உள்ள காரைக் கூலிக்கு விடுவதென்றால் அதற்கான அனுமதியும் காப்புறுதியும் வேறு என்றதும் பின்வாங்கினார். சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் மிகவும் ஆர்வமாகப் பேசினார். அங்கே வெளிநாட்டிலிருந்து பழைய காரைக் கொண்டுவர வேண்டுமானால் அது 3 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையேல் கிளாசிக் கார் என்ற வகையில் குறைந்தது 35 வயதாகியிருக்க வேண்டும். மாமாவின் கார் இரண்டிலும் சேராது. அதன் முகத்துக்கு வயது எழுபதுக்கு மேல். பத்திரத்தில் அதன் வயதோ இருபதைச் சற்றுத் தாண்டியது. சட்டம் முகத்தைப் பார்ப்பதில்லை, பத்திரத்தைத்தான் பார்க்கிறது.

மூன்றாவது வாரம் ஈப்போவிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்தார். நல்ல உத்தியோகம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வருகிறதாம். அப்பா இளைஞராக இருந்தபோது முதலாளியின் எம்ஜி டிடியை ஓட்டியிருக்கிறாராம். அந்தக் காரையே பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகத் தேடுகிறாராம்.

வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். படம் எடுத்தார். மாமா பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே டொயோட்டா எஞ்சினைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "ஓ, எஞ்சின் மாத்திட்டீங்களா அங்கிள்? பரவாயில்லை, நல்லதுதான்" என்று மலாயில் சொன்னார்.

பழைய கார்களுக்கு ஜப்பான் எஞ்சின் போடுவது நம் நாட்டில் சாதாரணம். அவரே ஒரு காரணத்தைச் சொல்லி, அவரே அதை நம்பிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தது 75,000 வெள்ளி. அவர், "வேறு யாருக்கும் காட்டாதீங்க, 110,000 தரேன். இப்பவே 5,000 முன்பணம்" என்றார்.

கல்லூரியில் படித்த ஒப்பந்தச் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மோசடி எது என்று சொல்கிறது. வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சாக நிற்கும்போதும் அது மோசடியாகிவிடும். நான் முதல் வாக்கியத்தை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன். விளம்பரத்தில் '1950களின் அழகு' என்று எழுதியது யார் என்பதை வசதியாக மறந்தேன். 110,000 என்றால் அத்தையின் இரண்டு முழங்காலும் முடிந்து, கைச்செலவுக்கும் மிஞ்சும்.

ஐஸ்பெட்டிக் காந்தம்

மாமா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போனார். முன்பணத்துக்கு ரசீது எழுதத் தாள் எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் இருந்தது. லங்காவி போனபோது அத்தை வாங்கிய கழுகுப் பொம்மை.

"தம்பி, இதப் பாருங்க" என்று சொல்லி அதை மைவியின் கதவில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. பச்சைக் காரின் மட்கார்டில் வைத்தார். கீழே விழுந்தது. கதவில் வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"அசல் எம்ஜி டிடின்னா மரச்சட்டத்து மேல இரும்புத் தகடு. இது ஃபைபர்கிளாஸ். எஞ்சின் மாத்தல. இது பொறந்ததே இந்த எஞ்சினோடதான். மலேசியாவுல செஞ்சது. நல்ல வண்டி. ஆனா உங்கப்பா ஓட்டுன வண்டி இல்ல."

அந்த இளைஞரின் முகம் மாறியது. மாமாவிடம் கோபப்படவில்லை. என்னைத்தான் பார்த்தார். "விளம்பரத்தில் அப்படிப் போடவில்லையே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு, மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பட்டறைப் பெட்டியிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தார். முன்பக்கத்து எண்கோணச் சின்னத்தைச் சூடாக்கி, மீன்பிடி நரம்பால் மெல்ல அறுத்து எடுத்தார். "முதல் நாளே எடுத்திருக்கணும். எனக்கும் ஒரு ஆசை. யாராவது அசலான்னு கேட்டா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. நான் 16 வருஷம் செஞ்ச தப்பத்தான் நீ விளம்பரத்துல எழுதிட்ட" என்றார்.

அத்தை சன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வலி அவருடையது, போன பணமும் அவருடையது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு கால் மொதல்ல செய்வோம். பொய் சொல்லி வாங்குன காலால எந்தக் கோயிலச் சுத்துறது?"

நகலை நகலாகவே விற்பது

அன்றிரவே விளம்பரத்தை மாற்றி எழுதினேன். 'எம்ஜி டிடி 1950 வடிவத்தின் ரெப்லிக்கா. டிடி2000. ஃபைபர்கிளாஸ் உடல், டொயோட்டா 2.0 எஞ்சின். இடது பின் மட்கார்டில் முடி அளவு விரிசல், படம் 7இல் பார்க்கவும். கூரைத் துணி பழசு.' விலை அதே 75,000.

அழைப்புகள் குறைந்தன. ஆனால் அழைத்தவர்களின் கேள்விகள் மாறின. "அசலா?" என்று யாரும் கேட்கவில்லை. "பராமரிப்புப் பதிவு இருக்கா?", "எஞ்சின் எண் பதிவு அட்டையோட ஒத்துப்போகுதா?" என்று கேட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மாமாவிடம் பதில் இருந்தது. நீலநிறப் பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றில், எண்ணெய் மாற்றிய தேதியிலிருந்து பிரேக் பேட் விலை வரை 16 ஆண்டுக் கணக்கை எழுதி வைத்திருந்தார். ரசீதுகள் பின்னால் ஒட்டப்பட்டிருந்தன.

இரண்டு மாதம் கழித்து சிரம்பானிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் கார் பழுதுபார்ப்புத் துறையில் வேலை செய்பவர். வந்ததும் வண்டிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அங்கிள், அசலா இருந்தா நாங்க வாங்கவே மாட்டோம். ஒரு சாமான் ஒடைஞ்சா இங்கிலாந்துல தேடணும். இதுன்னா பக்கத்துக் கடையிலேயே எஞ்சின் சாமான் கெடைக்கும். வாரா வாரம் ஓட்டலாம்."

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் காரை வாங்கியதற்கும் அதுதானே காரணம். 72,000க்கு முடிந்தது. ஈப்போ இளைஞர் சொன்ன தொகையைவிட 38,000 குறைவு. ஆனால் அந்த 38,000 எங்களுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை.

கையெழுத்தும் கைரேகையும்

இப்படிப்பட்ட காரை விற்கவோ வாங்கவோ நினைப்பவர்களுக்கு, நாங்கள் கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

• விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'ரெப்லிக்கா' என்று எழுதுங்கள். எந்தக் காரின் நகல், யார் தயாரிப்பு, என்ன எஞ்சின், எந்த ஆண்டுப் பதிவு என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அசல் நிறுவனத்தின் சின்னம் ஒட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

• வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாகனப் பதிவுப் பத்திரத்தைக் காட்டுங்கள். வாங்குபவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். தயாரிப்பு, ஆண்டு, சட்ட எண், எஞ்சின் எண் எல்லாம் அதில் இருக்கும்.

• எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது சாலைப் போக்குவரத்து இலாகாவில் (ஜேபிஜே) பதிவாகியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு முந்தைய பரிசோதனையில் எண்களைச் சரிபார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

• வங்கிக் கடனும் சம்மன்களும் பாக்கி இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள்.

• வாங்குபவர் தம் பெயரில் காப்புறுதி எடுக்க வேண்டும். அபூர்வமான கார் என்பதால் சந்தை மதிப்புக்குப் பதிலாக, முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்புறுதி கிடைக்குமா என்று கேட்பது நல்லது. கோரிக்கை வைக்காததற்கான தள்ளுபடி காருக்கு உரியதல்ல, அது உங்களுக்கு உரியது. அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம்.

• முழுப் பணமும் கணக்கில் சேரும் முன் பெயர் மாற்றம் செய்யாதீர்கள். முன்பணத்துக்கு ரசீது எழுதுங்கள். அதிலும் 'ரெப்லிக்கா' என்ற சொல் இருக்கட்டும்.

பெயர் மாற்ற நாளன்று ஜேபிஜே அலுவலகத்தில் ஒரு சின்னத் தடங்கல். மாமாவின் கட்டைவிரல் ரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஈரப்படுத்தி வைத்தார், பலிக்கவில்லை. ஐம்பது ஆண்டு ஸ்பேனர் பிடித்த விரல், ரேகை தேய்ந்துவிட்டது. அதிகாரி வேறு விரலை வைக்கச் சொன்னார். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் சாவியையும் நீலக் கணக்குப் புத்தகத்தையும் கொடுத்தார். "அடுத்த எண்ணெய் மாத்தறது மார்ச்சுல. மறக்காம எழுதி வைம்மா" என்றார். கார் சாலையில் ஏறித் திரும்பும்வரை நின்று பார்த்தார்.

அத்தைக்கு வலது முழங்கால் மாற்றியாகிவிட்டது. இடது காலுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். இப்போது காலையில் கைத்தடியோடு தாமான் பூங்காவை ஒரு சுற்று வருகிறார். மாமா பக்கத்தில் நடக்கிறார். போன வாரம் சிரம்பானிலிருந்து ஒரு படம் வந்தது. பச்சைக் கார், கூரை திறந்து, போர்ட்டிக்சன் கடற்கரையில் நிற்கிறது. கீழே அந்தப் பெண் ஒரு வரி எழுதியிருந்தார்: 'எல்லாரும் அசலான்னு கேக்கறாங்க அங்கிள். இல்ல, மலேசியாவுல செஞ்சதுன்னு சொல்றோம்.'

மாமா அதை என்னிடம் மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார்.